பிரிஜித்தா நிற்கும் இடம்

நெய்யாற்றின்கரையிலிருந்து சௌம்யா என்றொரு பெண் போன வாரம் அழைத்தாள். வீட்டு மாடியறையில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு மின்னிசை செய்கிறவள். நான் மேடையை விட்டும் ஸ்டூடியோவை விட்டும் விலகிவிட்டது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எப்போதாவது கூப்பிடுவாள்.

"அண்ணா, ஒரு காரியம் கேக்கட்டா? இதுல ஒரு பட்டன் உண்டு. பாடுத ஆளு தாளத்துக்கு முந்தினாலும் பிந்தினாலும், அமுக்கினா எல்லாம் கட்டத்துக்குள்ள வந்து ஒக்காந்துக்கிடும். ஒரு அம்மா பாடியிருக்காவ. வரிக்கு வரி பிந்துதாவ. அமுக்கட்டா, வேண்டாமா?"

"நாளைக்குச் செல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். மறுநாள் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எனக்குள் ஒரு பழைய நாடாச் சுருளைச் சுழல விட்டுவிட்டது. பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். அவள் படித்துக்கொள்ளட்டும்.

நான் மின்னிசைக்காரனானது பெரிய கதை ஒன்றுமில்லை. தனுவச்சபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். படித்ததைவிட, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனபோது என்ஜின் போட்ட தாளத்தைக் கேட்டதுதான் அதிகம். வளைகுடாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கேசட் கொண்டுவந்தார். உறை கிழிந்து போயிருந்தது. லண்டனில் யாரோ ஒருத்தன் தனியாக அறைக்குள் உட்கார்ந்து செய்தது என்று மட்டும் அவருக்குத் தெரியும். அதில் பாட்டில்லை, பாடகர் இல்லை, தபலாவோ வயலினோ இல்லை. பெட்டிகள் மட்டும் பேசின. ஏதோ தொழிற்சாலை உறக்கத்தில் கனவு காண்கிறது என்று தோன்றியது எனக்கு. "பாட்டு எப்பலே வரும்?" என்று அப்பா கேட்டார். இதுதான் பாட்டு என்றேன். அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பிறகு கானமேளை ட்ரூப்புகளில் கீபோர்டு. கோயில் கொடை, சர்ச் திருநாள், கல்யாண வரவேற்பு. பாடகர்கள் மேடைக்கு வருவதற்கு முன் எனக்கென்று கொஞ்ச நேரம் தருவார்கள். அதில் என் சொந்தச் சரக்கை இறக்குவேன். ரப்பர் ஷீட் உருட்டுகிற மெஷினின் கிறீச்சிடலைப் பதிவு செய்து, அதைத் துண்டாக்கி, தாளமாக்கி, அதன் மேல் ஒரு நீண்ட ஒலியை மேகம் போல மிதக்கவிட்டேன் ஒருமுறை, கள்ளிக்காடு என்கிற ஊரில். உலகமே எழுந்து நிற்கப்போகிறது என்று நினைத்தேன். கூட்டம் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு ரப்பர்க்காரர் கையைக் குவித்துக்கொண்டு சொன்னார்: "எலே மக்கா, கொஞ்சம் எண்ணெ போடுலே அதுக்கு."

மொத்தக் கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒலி எங்கிருந்து வந்ததென்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறதே, அந்த மகிழ்ச்சி ஊருக்குத் திரும்புகிற வழி முழுக்க ஜீப்பில் என்னோடு குலுங்கிக்கொண்டே வந்தது.

அந்த ஜீப்பில் என் பக்கத்தில் இருந்தவர் சுகுமாரன் மாஷ், அதாவது வாத்தியார். பாறசாலையில் ஒரு டயர்க் கடைக்கு மேலே அவருடைய ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டை அட்டை. கீழே டயரில் இரும்பு விழுந்தால் மேலே பாட்டு நிற்கும், ரயில் வந்தால் நிற்கும், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டப்போகிற லாரி ஆனந்தத்தில் ஹார்ன் அடித்தாலும் நிற்கும். தொண்ணூறுகளின் நடுவில் பக்திக் கேசட்டுகள் மழைக் காளானாக முளைத்துக்கொண்டிருந்தன. ஒரே நாளில் காலையில் அய்யப்பனும் மதியத்துக்குமேல் அந்தோணியாரும் அந்தப் படியேறி வருவார்கள். நான் தாளப்பெட்டியும் கீபோர்டும் சாம்ப்ளரும் பார்த்துக்கொண்டேன். சாம்ப்ளர் என்பது எந்த ஒலியையும் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது திருப்பிச் சொல்லுகிற பெட்டி. சில நொடி ஒலிக்குமேல் அதன் வயிற்றில் தங்காது.

மாஷ் ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எதையும் கேட்பார். முகத்தை யாரும் படித்துவிடக்கூடாதென்று நினைத்தாரோ என்னவோ. ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை. மோசம் என்றால் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவாருவார். வாரிக்கொண்டே "ஒண்ணுகூடி நோக்காம்" என்பார், இன்னொரு தடவை பார்ப்போம் என்று. பரவாயில்லை என்றால் "கொள்ளாம்". மிக நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அந்தக் கண்ணாடி கழலுவதைப் பார்க்க நாங்கள் எத்தனையோ மதிய வேளைகளைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

அப்படி ஒரு மதியத்தில்தான் பொழியூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து திருநாள் கமிட்டிச் செயலாளர் வந்தார். பெயர் அல்போன்ஸ். நெய்யாற்றின்கரையில் அரசாங்க வேலை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அவருக்குப் பின்னால் மீன் வாசத்தையும் மல்லிகை வாசத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தாள் பிரிஜித்தா. காலையில் சந்தையில் மீன் விற்றுவிட்டு, குளித்து, பூ வைத்துக்கொண்டு நேராக வந்திருந்தாள். அந்த ஊர்த் திருநாளில் மாதாவின் தேர்ப் பவனிப் பாட்டை அவள்தான் முன்னின்று பாடுவாள். அவள் ஒரு வரி பாட, பின்னால் ஊரே மறுவரி பாடும்.

அல்போன்ஸ் விஷயத்தை மறைக்கவில்லை. அவளை வைத்துக்கொண்டே சொன்னார்.

"மாஷே, இந்த வருஷம் கீபோர்டு, ரிதம் எல்லாம் வச்சு பவனி போகணும்னு பிள்ளேரு கேக்குதானுவ. முதல்ல கேசட்டு. கேசட்டுல இவ மியூசிக்கோட சேந்து பாடினா திருநாளுக்கும் இவதான். சேரல்லண்ணா நெய்யாற்றின்கரையில பாட்டு டீச்சர் ஒருத்தி உண்டு, அவள வச்சுப் பாடிக்கிடுவோம். கமிட்டி முடிவாக்கும்."

பிரிஜித்தா முட்டை அட்டையை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோழி எங்க மக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

காதில் ஹெட்போனை மாட்டினோம். அதில் 'டிக், டிக்' என்று ஓசை வரும், அதை விடாமல் பிடித்துக்கொண்டு பாட வேண்டும், இசையை அதன் மேல்தான் பிறகு கட்டுவோம் என்று விளக்கினேன். தலையாட்டினாள். பாடத் தொடங்கினாள்.

"பாயைத் தாழ்த்தி வந்தோம் தாயே..."

குரலில் உப்பு இருந்தது. கட்டுமரம் மணலில் உராய்கிறாற்போல் ஒரு கரகரப்பு, அதன் அடியில் தேன். வரி முடிந்ததும் நிறுத்தினாள். 'டிக்' ஓடிக்கொண்டிருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வரி வரவேண்டிய இடம் போயிற்று, அதற்கடுத்த இடமும் போயிற்று. பிறகு தனக்குத் தோன்றிய ஓர் இடத்தில், எந்த 'டிக்'குக்கும் சம்பந்தமில்லாமல், அடுத்த வரியை எடுத்தாள்.

"அக்கா, வரி முடிஞ்சதும் நாலு எண்ணிக்கிட்டு எடுக்கணும்."

"நான் எண்ணிப் பாடுனா அது சந்தைக் கணக்கு மக்கா. பாட்டா அது?"

"பின்னே எப்ப எடுப்பிய?"

"எடுக்கணும்ணு தோணும்லா, அப்ப."

திரும்பத் திரும்பப் பாடினாள். ஒவ்வொரு தடவையும் அந்த நிறுத்தம் வந்தது. அதுவும் ஒரே அளவில் இல்லை. முதல் சரணத்தில் குறைவு, போகப்போக நீளம். ஹெட்போனைக் கழற்றி, "இதுக்குள்ள எவனோ கொட்டாங்கச்சி தட்டுதான்" என்றாள். மாஷின் சீப்பு வெளியே வந்துவிட்டது.

மாலையில் மாஷ் என்னைக் கூப்பிட்டார். "விஜயா, குரல மட்டும் நகல் எடு. இடையில நிக்குதத வெட்டி எடுத்துரு. ஒட்டி வச்சு நோக்காம்."

நாடாவை வெட்டுவது அன்றைக்கு நான் விரும்பிச் செய்த வேலை. சுருள் இரண்டையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டினால், குரல் மாடு கத்துவது போல இழுபடும். எந்த இடத்தில் மூச்சு முடிந்து சொல் தொடங்குகிறதோ, அங்கே மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. பள்ளம் வெட்டிய அலுமினியக் கட்டையில் நாடாவைப் படுக்கவைத்து பிளேடால் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டிய இடம் 'டக்'கென்று இடறும். சாய்வாக வெட்டினால் ஒரு ஒலி இன்னொன்றின் தோளில் கைபோட்டுக்கொண்டு போய்விடும். வெட்டிய மௌனத் துண்டுகள் மேசைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் சுருண்டு கிடந்தன.

மறுநாள் மதியம் போட்டுக் காட்டினோம். தாளப்பெட்டி, கீபோர்டு, அதன் மேல் வரியடுத்து வரியாக பிரிஜித்தா. தையல் ஒன்றும் தெரியவில்லை. அல்போன்ஸ் மேசையில் தாளம் போட்டார். "இதாக்கும் வேண்டியது" என்றார். மாஷ், "கொள்ளாம்" என்றார். கண்ணாடி கழலவில்லை.

பிரிஜித்தா கடைசிவரை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எவன் மக்கா என்ன வெரட்டுதான்?"

"ஒருத்தனும் வெரட்டல்ல அக்கா."

"வெரட்டுதான். நாய் தொரத்துன மாதிரில்லா ஓடுதேன் நான். மூச்சு விடாமப் பாடுதாளே, இவளுக்கு வீட்டுல அடுப்புல மீன் கருகுதாண்ணு கேப்பான் எவனாவது."

அல்போன்ஸுக்குக் கோபம் வந்தது. "கேசட்டுல வெட்டி ஒட்டலாம். திருநாளுக்கு ஒன்ன நடுரோட்டுல வச்சு வெட்டி ஒட்ட முடியுமா? இப்படிப் பாட ஒன்னால முடியாதுண்ணா செல்லிரு. டீச்சர் பாடுவா."

அவள் பூவைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனாள். அத்தனை நேரம் எல்லோருக்கும் பதில் வைத்திருந்தவள் பேசாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பாட்டரியில் ஓடும் ஒரு டேப்பைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கடற்கரைக்கு பஸ் ஏறினேன். பவனிப் பாட்டுக்கு ஒத்திகை என்று கேள்விப்பட்டிருந்தேன். பிற்பகல் வெயில் மணலில் மினுங்கிக்கொண்டிருந்தது. சிலுவை நட்ட குருசடியிலிருந்து கடற்கரைச் சாலை நெடுக ஆட்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் பிரிஜித்தா. அவளுக்குப் பின்னால் பெண்கள், பிறகு கிழவர்கள், சுண்டல் தின்னும் பிள்ளைகள், கடைக்கோடியில் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஆண்கள். வால் எங்கே முடிகிறதென்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

மைக் இல்லை. அவள் ஒரு வரி பாடினாள். அருகில் நின்றவர்கள் "பாரும் தாயே பாரும்" என்றார்கள். அது அவர்களோடு நிற்கவில்லை. அடுத்தவர்களுக்குப் போயிற்று. அங்கிருந்து அடுத்தவர்களுக்கு. அலை கரையில் ஓரம் பிடித்து ஓடுமே, அப்படிப் பாட்டு மனித வரிசையின் ஓரம் பிடித்து ஓடியது. கடைசியில் வால்பக்கத்து ஆண்குரல்கள் தடித்த கயிறாக "பாரும்" என்று முடித்தன. அது காற்றில் திரும்பி வந்து சேர்ந்த பிறகுதான் பிரிஜித்தா அடுத்த வரியை எடுத்தாள். போகப்போக ஊரார் வந்து சேர்ந்தார்கள், வால் நீண்டது. அவளுடைய நிறுத்தமும் நீண்டது.

டயர்க் கடை மாடியில், முட்டை அட்டைகளுக்கு நடுவில், இந்தக் கடைசி ஆளுக்காகத்தான் அவள் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஒத்திகை முடிந்ததும் கேட்டேன். "அக்கா, அவங்க முடிக்கட்டும்ணுதான் நின்னேன்னு ஸ்டூடியோவுல செல்லியிருக்கலாம்லா?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே செல்லுவேன்?" என்றாள் எரிச்சலாக. "நின்னேன், அவ்வளவுதான். நீ நடக்கும்போ எந்தக் கால முதல்ல வச்சேண்ணு கேட்டா செல்லுவியா?"

ஒத்திகையின் பாதியிலேயே வாலுக்குப் போய் நின்று அந்த மறுவரியைப் பதிவு செய்திருந்தேன். ஸ்டூடியோவில் அதைச் சாம்ப்ளருக்குள் இறக்கினேன். முழுதும் கொள்ளாததால் இரண்டாகப் பிளந்து இரண்டு கட்டைகளில் வைத்தேன். பிரிஜித்தாவின் வெட்டாத பாட்டை ஓடவிட்டு, தாளத்தை எந்திரத்திடம் விடாமல், தாளப்பெட்டியின் ரப்பர் பொத்தான்களை விரலால் தட்டியே அவளோடு போனேன். அவள் நின்ற இடத்தில் தாளத்தை அடக்கி, ஊரை அழுத்தினேன். ஊர் பாடியது. முடித்தது. அவள் எடுத்தாள். குரலுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு பிளேடும் தேவைப்படவில்லை.

மாஷ் சுவரைப் பார்த்து நின்று கேட்டார். பாட்டு முடிந்தும் திரும்பவில்லை. கீழே டயர்க் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் கைகளைப் பார்த்தேன். கண்ணாடி வேட்டி நுனியில் இருந்தது.

ஆனால் முடிவு மாஷிடம் இல்லை. அல்போன்ஸ் கேட்டுவிட்டு யோசித்தார். அவர் முட்டாள் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. கேசட்டு இப்படியே போட்டும். ஆனா ஒரு காரியம் செல்லுதேன், கேளுங்க. திருநாளுக்கு போஸ்ட்டுக்குப் போஸ்ட்டு ஸ்பீக்கர் குழாய் கெட்டப்போறோம். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே நேரம் கேக்கும். எல்லாரும் ஒண்ணாப் பாடி ஒண்ணா முடிப்பான். பின்னே இவ ஆருக்குக் காத்து நிக்கணும்?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவனால் அதற்கு மேல் என்ன பேச முடியும்? மாஷ்தான் சமாதானம் சொன்னார்: முதல் சரணம் பிரிஜித்தா பாடட்டும். நடுவில் ஓட்டை விழுந்து அசிங்கமானால், இரண்டாவதிலிருந்து டீச்சர் மைக்கை வாங்கிக்கொள்ளட்டும். அல்போன்ஸ் ஒத்துக்கொண்டார்.

திருநாளன்று சாயங்காலம். ஒரு திறந்த வண்டியில் என் பெட்டிகள். வண்டிக்குப் பக்கத்தில் நடந்தபடி பிரிஜித்தா, கையில் மைக். ஓர் அடி பின்னால் டீச்சர், கரை வைத்த வெள்ளைப் புடவையில், பாவம், யாருடைய இடத்தையோ பிடிக்க வந்தவள் போலக் கூச்சத்தோடு. தேர் குருசடியை விட்டுக் கிளம்பியது. வானம் வாளைமீன் நிறத்தில் இருந்தது.

முதல் வரி. குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் குரலைத் துப்பின. தெருவும் ஒரே நேரத்தில், ஒரே தொண்டையாக, பதில் சொல்லி முடித்தது. அல்போன்ஸ் சொன்னபடியேதான். அதற்குப் பிறகு ஓட்டை. பிரிஜித்தா நின்றாள். அல்போன்ஸ் டீச்சரைப் பார்த்தார். நான் பதறிப்போய்ச் சாம்ப்ளரை அழுத்தினேன். பெட்டிக்குள்ளிருந்து ஊர் பாடியது.

தெரு திரும்பிப் பார்த்தது. "எடேய், அது நம்ம சேவியருக்க தொண்டையாக்கும்" என்றான் ஒருவன். "சேவியரு இஞ்சல்லா நிக்கான்?" என்றான் இன்னொருவன். சேவியர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். சிரிப்பு வரிசை நெடுகப் பரவியது. அல்போன்ஸின் முகம் கறுத்தது.

இரண்டாம் வரி. தெரு பாடி முடித்தது. பிரிஜித்தா நின்றாள். டீச்சர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள், மைக்குக்காக. என் விரல் கட்டையின் மேல் இருந்தது. அழுத்தினால் சிரிப்பார்கள். அழுத்தாவிட்டால் ஓட்டை. அப்போது கடற்கரைப் பக்கமிருந்து வந்தது.

அன்றைக்குக் கடல் கொஞ்சம் ஏறியிருந்தது. தோணிகளை மேலே இழுத்துக் கட்டுவதற்காகச் சில ஆண்கள் கரையிலேயே தங்கியிருந்தார்கள். குழாய் கட்டின கடைசி போஸ்ட்டும் அவர்களுக்குத் தூரம். அவளுடைய வரி அவர்களுக்குத் தாமதமாகப் போயிற்று. அவர்களுடைய பதில் அதைவிடத் தாமதமாக, அலைக்கு மேலே ஏறி, மணலைக் கடந்து, வீடுகளுக்கு நடுவில் நுழைந்து வந்து சேர்ந்தது. "பாரும் தாயே பாரும்." கடைசிச் சொல் தெருவில் வந்து இறங்கியதும் பிரிஜித்தா மூன்றாம் வரியை எடுத்தாள்.

நான் விரலை எடுத்துவிட்டேன். டீச்சரின் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கி, அவள் நெஞ்சில் குவிந்தது. அடுத்த மறுவரியில் அவளும் பாடினாள். மூன்றாம் வரிக்குத் தெரு தன் பதிலைச் சொல்லிவிட்டு, தலையைக் கடற்பக்கம் சாய்த்துக் காத்திருந்தது. பிள்ளைகள்கூடச் சுண்டல் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இரண்டாம் சரணத்துக்கும் மைக் கைமாறவில்லை. தேர் திரும்ப வந்து நிலைக்கு நிற்கும்வரை அது பிரிஜித்தாவின் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகள், எத்தனையோ பெட்டிகள். இடது காதில் ஒரு விசில் குடியேறிய பிறகுதான் நிறுத்தினேன். குறையொன்றும் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் மேடைகள் வருவதில்லை. தெரு பாடி முடித்த பிறகு, கடல் பாடுவதற்கு முன்னால் இருந்த அந்தச் சின்ன இடம்தான் வருகிறது.

பவனி முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அல்போன்ஸ் எனக்கும் பிரிஜித்தாவுக்கும் பால் விடாத கட்டன் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். சட்டை முழுக்க வியர்வை. குழாய்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு கமிட்டிக் குரலில் சொன்னார்:

"அடுத்த வருஷம் தோணிப் பக்கமும் ரெண்டு குழாய் கெட்டணும். அவனுவளுக்கும் நேரத்துக்குக் கேக்கட்டும்."

பிரிஜித்தா காப்பியை ஊதினாள்.

"கெட்டட்டும்" என்றாள். "நான் அப்பவும் நிப்பேன்."

அடுத்த வருடம் கட்டினார்கள். நின்றாள்.